மார்கழிக் காலையில் கார் எடுக்கத் திணறினால்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 12, 13 டிகிரிக்கு இறங்கும். ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலுமலைக் கணவாய்க்குக் கீழே கிருஷ்ணகிரியில் சட்டையோடு நிற்கிற அதே நேரத்தில் இங்கே குல்லாவும் சால்வையும் வேண்டும். ஆனால் காருக்கு இதெல்லாம் ஒரு குளிரே இல்லை. இதே மாடல் கார்கள் காஷ்மீரில் பூஜ்யத்துக்குக் கீழே போகிற காலையிலும் எடுக்கின்றன. அதனால் "பனிக்கு அப்படித்தாங்ணா இருக்கும்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நம்மூர்ப் பனியில் ஒரு கார் திணறுகிறது என்றால் அதில் ஏதோ ஒன்று ஏற்கெனவே பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். தேன்கனிக்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். இந்த இரண்டு மாதமும் காலையில் வருகிற போன்கள் பெரும்பாலும் "செல்ஃப் இழுக்குதுண்ணா" என்றுதான் ஆரம்பிக்கும். அவற்றில் பலவற்றின் காரணத்தை வீட்டு வாசலிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். 500 ரூபாய்க்குள் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கிற கருவி) ஒன்று, 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, கூட நின்று சாவி திருப்ப ஓர் ஆள். அவ்வளவு போதும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் மெதுவாக, மூச்சு வாங்குவது போலச் சுற்றினால் பேட்டரி, கம்பி, செல்ஃப் மோட்டார், ஆயில் இந்த நான்கில் ஒன்று. டகடகவென்று வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரி முனையில் கம்பி மாட்டுகிற இடம்) லூஸ். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அமைதியானால் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரன்ட் விடுகிற சுவிட்ச்), கார்பன் பிரஷ் பக்கம் பார்க்க வேண்டும். இன்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அது எரிபொருள் அல்லது தீப்பொறி சம்பந்தப்பட்டது. நன்றாகச் சுற்றுகிற வண்டிக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு, அப்புறமும் எடுக்கவில்லை என்று கோபத்தோடு வருகிறவர்களை எல்லா மார்கழியிலும் பார்க்கிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் மட்டும்தான் திணறுகிறதா, நன்றாக ஓடிச் சூடான பிறகு நிறுத்தி எடுத்தாலும் திணறுகிறதா? சூட்டிலும் மெதுவாகச் சுற்றினால் செல்ஃப் மோட்டாரின் புஷ் (அச்சைத் தாங்குகிற வளையம்) தேய்ந்திருக்கலாம், எர்த் கம்பி (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் இன்ஜினோடும் இணைப்பது) கெட்டிருக்கலாம். காலையில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

பேட்டரி கெடுவது பெரும்பாலும் குளிரில் அல்ல, சித்திரை வெயிலில். பத்து டிகிரி சூடு கூடினால் உள்ளே நடக்கிற அரிப்பு சுமார் இரு மடங்கு வேகமாகும் என்பது பேட்டரி தொழிலில் எல்லாரும் வைத்துக்கொள்கிற கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் வெயிலில் ஓடிவிட்டு நிறுத்தின காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் தட்டுகள் அரிக்கும், தண்ணீர் வற்றும். ஆனாலும் இன்ஜின் லேசாகச் சுற்றுகிற காலம் என்பதால் அப்போது தெரியாது. டிசம்பரில் இரண்டும் ஒன்றாக வரும்: இன்ஜின் ஆயில் கெட்டியாகிச் சுற்ற அதிக பலம் கேட்கும், பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிக் கொடுக்கிற பலம் குறையும். நல்ல பேட்டரிக்கு நம்மூர்க் குளிரில் பத்தில் ஒரு பங்கு பலம் குறைந்தால் அதிகம், அதை அது தாங்கும். மூன்று, நான்கு வருடம் ஆன பேட்டரி தாங்காது.

சோதிப்பது எப்படி? இரவு வண்டியை நிறுத்தும்போதே பானெட்டின் பூட்டை விடுவித்து, லேசாக மூடி வையுங்கள். காலையில் கதவைத் திறக்காமல், ரிமோட்டை அழுத்தாமல் மீட்டரை வைக்க வேண்டும். கதவு திறந்தாலே உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் தொடுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம், அதோடு குளிரில் எடுக்கச் சொல்வது நியாயமில்லை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, கூட இருப்பவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றுகிற அந்த இரண்டு மூன்று நொடியில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 10-க்கு மேலேயே நின்றால் பேட்டரி நல்லது. 9.6-க்குக் கீழே போனால், அதுவும் முதலில் முழு சார்ஜ் இருந்தும் போனால், காசு எடுத்து வையுங்கள். 12.2-இல் ஆரம்பித்துக் கீழே போயிருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வெளியே கழற்றி இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி இதே சோதனை.

எண் 10-க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் ஊர்கிறது என்றால் பலம் வழியில் எங்கோ காணாமல் போகிறது. டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, துடைத்து, முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ் என்று மாட்டுங்கள். மாட்டின பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன்னால் அல்ல. சோடா தண்ணீர் செல்லுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

பளபளப்பாகத் தெரிகிற டெர்மினலும் ஏமாற்றும். செல்ஃப் எடுக்கும்போது 150 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓம் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். அதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, மெக்கானிக்குகளிலேயே பலர் செய்வதில்லை. மீட்டரின் கறுப்பை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் (அதை இறுக்கிப் பிடித்திருக்கிற கிளாம்பில் அல்ல) வையுங்கள். சிவப்பை இன்ஜின் மேல் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை வந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் எர்த் கம்பி கெட்டது. பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்கும் போகிற இரண்டு இடத்திலும் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டினால் புது வண்டி மாதிரிச் சுற்றும். அஞ்செட்டி ரோட்டில் மண்ணும் சேறும் அடிக்கிற வண்டிகளில் கியர் பாக்ஸ் பக்க எர்த்தான் அதிகம் போகிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை பார்க்கலாம். அங்கே அரை வோல்ட் வரை விடலாம். எட்டாத இடம் என்றால் வேண்டாம், கடைக்கு வாருங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியாக இருந்தால் அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல்லிலிருந்து கூட்டுக் குடிநீர் கொண்டுவந்தார்கள். குடிக்கவே யோசிக்கிற தண்ணீரை பேட்டரியில் ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும்.

இனி சார்ஜ் ஏறுகிறதா என்ற கேள்வி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. இப்போது வருகிற சில கார்களில் ஆல்டர்நேட்டரை (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவி) கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். பல வீடுகளில் ஆல்டர்நேட்டர் நன்றாகவே இருக்கும். ஓட்டுகிற விதம்தான் பிரச்சினை. காலையில் பால் சொசைட்டி வரை இரண்டு கிலோமீட்டர், பிள்ளையை ஸ்கூல் பஸ் நிற்கிற இடத்தில் விட ஒரு கிலோமீட்டர், அதுவும் பனிமூட்டத்துக்காக லைட் போட்டு, கண்ணாடி வேர்க்காமலிருக்க ஃபேனை வைத்து. எடுத்த சார்ஜை வண்டி திருப்பி ஏற்றவே நேரம் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை ஓசூர் வரை ஒரு நடை போய்வந்தால் போதும். வீட்டு வாசலில் ஐடிலில் போட்டு வைப்பது டீசலுக்குத்தான் செலவு, பேட்டரிக்குப் பெரிய வரவு இல்லை.

இரண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. வெளியே வாங்கி மாட்டின ஜி.பி.எஸ்., டேஷ்கேம், மியூசிக் சிஸ்டம் ஆகியவைதான் வழக்கமான திருடர்கள். சாவியை எடுத்த பிறகும் கரன்ட் வருகிற வயரில் கொடுத்திருப்பார்கள். நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கம்பிக்கும் குமிழுக்கும் நடுவில் இணைத்தால் தெரியும். அரை மணி நேரம் விட்டு, எல்லாம் தூங்கின பிறகு பார்க்க வேண்டும். 0.05 ஆம்பியர் வரை இயல்பு. 0.3 வந்தால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர், சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து நாளில் காலி. மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் புகைந்துவிடும்.

ஆயில் பற்றியும் சொல்ல வேண்டும். டிராக்டருக்கு வாங்கின 20டபிள்யூ-40 கேனில் மிச்சம் இருக்கிறது என்று காரில் ஊற்றுகிற பழக்கம் இங்கே உண்டு. முன்னால் இருக்கிற எண்தான் குளிரில் எவ்வளவு கெட்டியாகும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ ஊற்றினால் விடிகாலையில் செல்ஃப் மோட்டார் கூழைக் கிளறுகிற கதைதான். காரோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் ஆயில், மெக்கானிக் சொல்வதோ அண்ணன் சொல்வதோ அல்ல.

இப்போது, நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி. டீசலாக இருந்தால் எல்லாரும் முதலில் கை நீட்டுவது, எடுப்பதற்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றிக் கொடுக்கிற ஹீட்டர் பிளக்கைத்தான். பழைய இண்டிகா, பழைய சுமோ போன்ற ஐ.டி.ஐ. இன்ஜின்களில் (டீசல் முதலில் ஒரு சின்னத் தனி அறையில் எரிகிற பழைய வகை) அது சரி. ஹீட்டர் பிளக் போனால் 13 டிகிரியிலேயே வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நெடுநேரம் சுற்றும். சாவியைப் பாதி திருப்பி, சுருள் மாதிரியான மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து எடுங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் சட்டென்று எடுக்கிறது என்றால் பிளக் ஒன்றிரண்டு போயிருக்கிறது. வயரைக் கழற்றி பிளக்கின் முனைக்கும் இன்ஜினுக்கும் ஓம் பாருங்கள்; ஓர் ஓம் அளவில் காட்டினால் நல்லது, ஒன்றும் காட்டாவிட்டால் போச்சு. ஆனால் காமன் ரெயில் டீசல்கள் (டீசலை 'ரெயில்' என்கிற ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி விடுகிற வகை) நம்மூர்க் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமலேகூட பெரும்பாலும் எடுத்துவிடும். கொஞ்ச நேரம் முரட்டுத்தனமாக ஓடும், அவ்வளவுதான். அதனால் காமன் ரெயில் வண்டி நெடுநேரம் சுற்றினால் நான் ஹீட்டர் பிளக்கைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

அதில் முதலில் பார்ப்பது காற்று. இரவில் டீசல் லைனில் எங்கோ ஒரு வாஷர், ஒரு ஹோஸ் கிளாம்ப் வழியாகக் காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். ஃபில்டர் மேல் கையால் அழுத்துகிற பிரைமர் இருந்தால், காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். உடனே பிடித்தால் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காற்று நுழைகிற இடத்தைத் தேட வேண்டும். ஃபில்டர் அடியில் இருக்கிற தண்ணீரையும் திறந்துவிடுங்கள். இதிலும் சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, அதாவது இன்ஜெக்டர்களிலிருந்து எவ்வளவு டீசல் வீணாகத் திரும்பிப் போகிறது என்று அளப்பது. ரெயிலில் வேண்டிய அழுத்தம் ஏறாமல் கம்ப்யூட்டர் டீசலை விடவே விடாது. அது பம்ப் கடை வேலை. டீசல் உறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர் லடாக் போய்வந்தவராக இருப்பார்.

பெட்ரோல் காரில் சாவியை ஆன் வரை திருப்புங்கள். பின்சீட் பக்கம் இரண்டு நொடி 'உய்ங்' என்று பம்ப் ஓடும். ஆஃப் செய்து மறுபடி ஆன். இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு செல்ஃப் அடித்தால் உடனே எடுக்கிறதா? அப்படியென்றால் இரவில் லைனின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பின் வால்வோ ஏதாவது ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது.

அதுவும் இல்லையென்றால் எனக்குப் பிடித்த சோதனை. கார் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கிற ஓ.பி.டி. ப்ளூடூத் கருவி ஒன்றை ஸ்டியரிங் கீழே செருகி, போனில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) வெப்பமும் உள்ளே போகிற காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக, வெளியே இருக்கிற குளிர் அளவுக்கே இருக்க வேண்டும். காற்று 14 என்றும் கூலன்ட் 60 என்றும் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்து விடும், வண்டி பிடிக்காது. சென்சார் விலை குறைவு, மாற்றவும் சுலபம். இதைப் பார்க்காமல் பிளக், காயில், த்ரோட்டில் பாடி என்று வரிசையாகச் செலவு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) திட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், முதலில் சென்சாரைப் பாருங்கள்.

கேழ்வரகு அறுவடை முடிகிற சமயம் எலியும் ஒரு காரணம். காட்டில் தீனி குறைந்ததும் சூடான இன்ஜின் மேல் வந்து படுத்து, இன்ஜெக்டர் வயரைக் கடித்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த வண்டி இன்று திடீரென்று முடங்கினால் பானெட்டைத் திறந்து புழுக்கை கிடக்கிறதா பாருங்கள்.

அவசரத்துக்கு எடுக்கிற விதத்தைச் சொல்கிறேன். ஏ.சி., லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கிளட்சை முழுக்க மிதித்து எடுங்கள். பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கம்பி கொடுப்பதானால், சிவப்பு முதலில் இறங்கின பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்; கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை உங்கள் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கழற்றுவது தலைகீழ் வரிசையில். 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி தாராளமாகக் கொடுக்கலாம். ஹைவேயில் லாரி டிரைவர் நல்ல மனதோடு உதவ வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லாரியில் 24 வோல்ட், உங்கள் காரின் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போய்விடும். தளிப் பக்கம் இறக்கத்தில் நிறுத்தி இரண்டாவது கியரில் உருட்டி எடுக்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்கிற மேனுவல் கியர் வண்டியில் ஆபத்துக்கு ஒரு தடவை செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. ஏர் ஃபில்டர் முன்னால் துணியைக் கொளுத்திப் பிடிப்பது, ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரே உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

பேட்டரி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தயாரிப்புத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்தது வேண்டாம். காருக்குக் குறித்த ஆம்பியர்-அவர் அளவே போடுங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழுகிற ஸ்டார்ட்-ஸ்டாப் காருக்குச் சாதாரண பேட்டரி போடக் கூடாது, அடிக்கடி எடுப்பதைத் தாங்குகிற இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான். பழைய பேட்டரியைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள், பேரம் பேசுங்கள். மாட்டி முடித்ததும் கடைக்காரர் முன்னாலேயே வண்டியை ஓடவிட்டு, மீட்டரில் 13.8-க்கு மேல் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.